எல்லார் பெயரும் ஒரே பக்கம்

ஜூன் 9, திங்கள்

ரத்த அழுத்தம் 140/90. காலையில் இரண்டு இட்லி, அரை டம்ளர் காபி. வலது கையில் அசைவு இல்லை. பேச்சு வரவில்லை.

இவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து, தினமும் என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார் என்று குறித்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றதையும் எழுதலாமே என்று இன்று தோன்றியது. பேச ஆளில்லாத வீட்டில் இதுவாவது இருக்கட்டும். மகள் இளமதி பூனாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் நானும் இவரும்தான். காலை எட்டிலிருந்து மதியம் வரை கன்னியம்மா.

கன்னியம்மா நான்கு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள். பக்கத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறாள். முன்பு பாத்திரமும் துணியும் மட்டும்தான். இப்போது இவரைக் குளிப்பாட்டுவது, நாற்காலியில் உட்காரவைப்பது எல்லாம் அவள்தான். இவரைத் தூக்க என்னால் ஆகாது. அவள் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, "ஐயா, நம்ம ரெண்டு பேரும் டான்ஸ் ஆடப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிடுவாள். இவர் வாயின் இடது ஓரம் மட்டும் சிரிக்கும்.

ஜூன் 14, சனி

எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே சத்தம். யாரோ லிஃப்டில் குப்பைப் பையைக் கொண்டுபோனபோது தண்ணீர் சொட்டியிருக்கிறது. இரண்டாவது மாடிப் பெண் அதைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். "வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு ஒழுங்கு வேணாமா?" என்று கேட்டிருந்தாள். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

குப்பை சொட்டியது உண்மைதான். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

ஜூன் 18, புதன்

கொத்தமல்லிச் சட்னி இவருக்குப் பிடித்திருக்கிறது. முழு இட்லி இரண்டும் போயிற்று.

சங்கச் செயலாளர் ஜெகந்நாதன் அறிவிப்புப் போட்டிருக்கிறார். இனி இடதுபக்க லிஃப்ட் வேலையாட்களுக்கும் சாமான் கொண்டுவருகிறவர்களுக்கும். வலதுபக்கம் குடியிருப்பவர்களுக்கு. கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, ரெண்டும் மேலதான போவுது" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். பெரிதாக ஒன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்று இவர் நின்றார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கன்னியம்மா பின்னால் தாங்க, நான் முன்னால் நிற்க. நான் பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் நின்றார். கன்னியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அப்புறம் குளியலறையில் வந்தது.

இளமதியிடம் உடனே சொன்னேன். "அந்தக் கன்னியம்மாவை விட்டுடாதம்மா" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

இடதுபக்க லிஃப்ட் பழுதாகிவிட்டது. பழுது பார்க்க அதிகம் கேட்கிறார்களாம். சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்களாம். அதுவரை வேலையாட்கள் எதில் வருவது என்று யாரும் சொல்லவில்லை. கன்னியம்மா வலதுபக்க லிஃப்டில் வந்தாள். காவலாளி ஒன்றும் சொல்லவில்லையாம். லிஃப்டுக்கு நின்ற ஒரு வீட்டுக்காரர் மட்டும் அவளைப் பார்த்துவிட்டு, ஏறாமல் அடுத்த தடவைக்குக் காத்திருந்தாராம்.

"நான் இன்னா பண்ணிட்டேன்மா?" என்று கேட்டாள். அவருக்கு வேறு ஏதாவது அவசரம் இருந்திருக்கும் என்றேன். அவசரமாக இருந்தால் ஏறியிருப்பாரே என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

எதிர்வீட்டு சுபத்ரா மாலையில் வந்திருந்தாள். பக்கவாதத்துக்கு முன்பு இவருக்கு ஒருமுறை நெஞ்சடைத்தபோது காரில் அழைத்துக்கொண்டு போனவள் அவள்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

"மங்கைக்கா, குழுவுல வாக்கெடுப்பு வெச்சிருக்காங்க, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன்.

"வேலையாளுங்க படியிலதான் வரணும்னு. இருக்கறது ஒரு லிஃப்ட். காலையில ஸ்கூல் நேரத்துல பிள்ளைங்க நிக்கறாங்க. நியாயம்தானே?"

"ஏழு மாடி ஏறணுமே, சுபத்ரா."

"நமக்குத்தான்க்கா ஏழு மாடி கஷ்டம். அவங்களுக்குப் பழக்கம்." பிறகு மெதுவாக, "உங்க ஒரு வீடு மட்டும் போடலைன்னா நல்லாயிருக்காது. எல்லாரும் போட்டுட்டாங்க" என்றாள்.

என்ன போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பஜ்ஜி கொடுத்தேன். நல்லாயிருக்கு என்றாள்.

ஜூலை 5, சனி

வேண்டாம் என்றுதான் போட நினைத்திருந்தேன். இதை எழுதி வைக்கிறேன்.

மதியம் இவர் தூங்கியதும் வாக்கெடுப்பைத் திறந்தேன். 'சரி' என்பதற்குப் பக்கத்தில் பச்சைக் கோடு நீளமாக ஓடியிருந்தது. 'வேண்டாம்' பக்கம் வெறுமையாக இருந்தது. ஒருவர் பெயர்கூட இல்லை. யார் யார் போட்டார்கள் என்று தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. கீழ்வீட்டு வாத்தியார், பி பிளாக் டாக்டரம்மா, வாரம் தவறாமல் சர்ச்சில் சேவை செய்கிற அந்த அம்மாள், எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். அந்த வெறுமையான இடத்தில் என் பெயர் மட்டும் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இவருக்கு மறுபடி நெஞ்சடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அடுப்பில் கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டது. தொட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஜூலை 7, திங்கள்

விதி இன்றிலிருந்து அமல். கன்னியம்மா தாமதமாக வந்தாள். புடவை முதுகெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். முட்டி வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "பரவால்லம்மா, நாலாவது மாடியில கொஞ்சம் குந்திக்கினேன்" என்றாள்.

இவரைத் தூக்குவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

ஜூலை 12, சனி

பிசியோதெரபிக்குப் போய்விட்டுத் திரும்பினோம். சக்கர நாற்காலியில் இவர், தள்ளிக்கொண்டு கன்னியம்மா, பையோடு நான். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஜெகந்நாதன் தன் நாயோடு நின்றிருந்தார். பெரிய நாய். சாதுவானதுதான்.

"வாங்க மேடம். சாருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு இடம் விட்டு நகர்ந்தார். பிறகு கன்னியம்மாவைப் பார்த்து, "நீ படியில வந்துடும்மா. மேடம் தள்ளிப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள்.

நாற்காலியின் கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். கதவு மூடிற்று. நாய் இவருடைய வலது கையை நக்கியது. இவர் கையை இழுத்துக்கொள்ள முடியாமல் அப்படியே வைத்திருந்தார். "அவனுக்கு சாரைப் பிடிச்சிருக்கு" என்று ஜெகந்நாதன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேலே வந்து கட்டிலுக்கு மாற்ற முடியாமல் அவளுக்காகக் காத்திருந்தோம். வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். மாடிப்படியில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் அவளுக்கு முன்னால் வந்தது. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. களைப்பு. பிசியோதெரபி நாளில் எப்போதும் அப்படித்தான்.

ஜூலை 16, புதன்

பாத்திரம் தேய்த்துக்கொண்டே கன்னியம்மா கேட்டாள். "அம்மா, போன்ல ஓட்டு போட்டு முடிவு பண்ணாங்களாமே. எந்தெந்த வீட்டுக்காரங்க போட்டாங்கன்னு எங்காளுங்க பேசிக்கினாங்க. நான் சொல்லிட்டேன், எங்கம்மா அதுல போட்டிருக்க மாட்டாங்கன்னு."

குழாயை மூடச் சொன்னேன். தண்ணீர் வீணாகிறது என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

இளமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அநியாயம்மா இது. நீ என்ன பண்ணின?" என்றாள்.

"என்ன பண்றது. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றேன்.

"எல்லாரும்னா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

இவருக்கு மோர்சாதம். பாதிதான்.

வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து பேசியிருக்கிறார்கள். திங்களிலிருந்து யாரும் வரப்போவதில்லை. லிஃப்ட் விட்டால் வருவோம் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கன்னியம்மா இதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

"நீயும் நின்னுடுவியா?"

"எல்லாரும் நிக்கறாங்கம்மா. நான் மட்டும் எப்படி வர்றது? ஒரே ஆட்டோவுல வர்றோம், ஒரே குழாயில தண்ணி புடிக்கறோம்."

"ஐயாவை யார் தூக்குவாங்க?" என்று கேட்டேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அது ஒன்றுதான்.

ஜூலை 28, திங்கள்

வந்துவிட்டாள்.

வெளி வாசலில் அந்தப் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். பால்கனியிலிருந்து பார்த்தேன். கன்னியம்மா தனியாக, தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டி வந்தாள். யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் திரும்பவில்லை. ஏழு மாடியும் ஏறி வந்தாள். கட்டிடம் முழுக்க ஒரு வேலையாள்கூட இல்லை, லிஃப்ட் காலியாகத்தான் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"ஐயாவுக்காகத்தாம்மா. உங்களுக்காகவும்தான். நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு எதிரா போடலைன்னு சொல்லிட்டுதான் வந்தேன். போடாத வீட்டுக்குப் போறது தப்பில்லைன்னு சண்ட போட்டுட்டு வந்தேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் அதற்குள் இவரைத் தூக்கத் தொடங்கிவிட்டாள். இவர் இன்று நன்றாக நின்றார். இடதுகாலை ஒரு அடி எடுத்துவைத்தார்.

ஜூலை 30, புதன்

சுபத்ரா வீட்டில் பாத்திரம் குவிந்து கிடக்கிறதாம். "உங்களுக்கென்னக்கா, உங்க ஆள் வந்துட்டா" என்றாள். சங்கக் குழுவில் ஜெகந்நாதன் என் வீட்டை உதாரணம் காட்டியிருந்தார். 'ஏழாவது மாடிக்கே ஒரு பெண் படியேறி வருகிறார். முடியாது என்பதெல்லாம் சாக்கு.' பலர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள். எனக்கு வாழ்த்துச் சொல்லி இரண்டு பேர் தனியாக அனுப்பியிருந்தார்கள்.

எதற்கு வாழ்த்து என்று புரியவில்லை. நன்றி என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2, சனி

கன்னியம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வதில்லையாம். இடம் இருந்தாலும் நகர மாட்டேன் என்கிறார்களாம். நடந்து வருகிறாள். அவள் வாசலில் யாரோ குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். அவளுடைய மகளை அதே குடியிருப்பில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அவளும் பேசுவதில்லையாம்.

"அவ மாமியார் பேசக்கூடாதுன்னுட்டாங்களாம்மா. அவ மேல தப்பில்ல. அவளும் அங்கதான குடும்பம் நடத்தணும்" என்றாள். அழவில்லை. சோற்றைப் பிசைந்து இவருக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

இன்று லிஃப்டில் போ, நானும் கூட வருகிறேன் என்று சொல்லலாம் என்று அவளோடு வாசல் வரை போனேன். சுபத்ரா வீட்டுக் கதவு திறந்திருந்தது. "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உண்மை தெரிந்துவிட்டது. சுபத்ரா தன் வீட்டுப் பழைய வேலைக்காரியோடு போனில் சண்டை போட்டிருக்கிறாள். அந்தப் பேச்சில், "யார் போடலைன்னு நெனச்சுட்டிருக்கீங்க? உங்க கன்னியம்மா தலையில தூக்கி வெச்சு ஆடற அந்தம்மாவே போட்டிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சுபத்ராவே வந்து சொன்னாள். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

கன்னியம்மா இன்றும் வந்தாள். எல்லா வேலையும் செய்தாள். இவரைக் குளிப்பாட்டினாள், நிற்கவைத்தாள். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நெசமா?"

"எல்லாரும் போட்டுட்டாங்க, கன்னியம்மா. நான் ஒருத்தி போடலைன்னா மட்டும் என்ன மாறியிருக்கும்?"

"எனக்குத் தெரியலம்மா" என்றாள். "நான் ஒருத்திதான் வந்தேன்."

படியில் இறங்கிப் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

அவள் வரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இவரைப் படுக்கையிலேயே துடைத்தேன். உட்காரவைக்க முடியவில்லை.

ஒரு நிறுவனத்தோடு சங்கம் ஒப்பந்தம் போட்டுவிட்டது. சீருடை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. படியேற ஒப்புக்கொண்டுதான் வருகிறார்களாம், தூரத்திலிருந்து வேனில் கூட்டிவருகிறார்கள். பழைய ஆட்கள் அத்தனை பேருடைய நுழைவுச் சீட்டும் ரத்து.

ஜெகந்நாதனைக் கீழே பார்த்துக் கேட்டேன். "கன்னியம்மா வேலைநிறுத்தம் செய்யலையே. என் வீட்டுக்காரருக்கு அவ பழக்கம். அவளை மட்டும் விடலாமே."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மேடம். உங்களுக்கு ஒண்ணு விட்டா எல்லாரும் கேப்பாங்க. வேணும்னா குழுவுல போட்டுப் பாருங்க. நாலு பேர் ஆதரிச்சா நான் தடுக்க மாட்டேன்."

மேலே வந்து எழுதினேன். நல்லபடியாகத்தான் எழுதினேன். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தபோது, யாருமே பதில் போடாமல் அது அங்கே கிடந்தால் என்ன செய்வது என்று தோன்றிற்று. அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புதுப் பெண்ணுக்கு நல்ல குணம். பெயர் லிபிகா. தமிழ் கொஞ்சம்தான் வருகிறது. நோயாளியைத் தூக்குவது ஒப்பந்தத்தில் இல்லை என்று அவளுடைய மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதற்குத் தனி ஆள் வைக்கணுமாம். வைத்தேன். ஒரு ஆள் வந்து மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினான். இவர் கத்தினார். அதன் பிறகு அவனைப் பார்த்தாலே உடம்பை விறைத்துக்கொள்கிறார். நிறுத்திவிட்டேன்.

நிற்கும் பயிற்சி இல்லை. இடதுகாலும் இப்போது கனக்கிறது என்று டாக்டர் சொன்னார். "நல்லா முன்னேறிட்டு இருந்தாரே, ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். வீட்டில் ஆள் மாறிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மருந்துக்கடையில் மூன்றாவது மாடி கமலவேணியைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அதிகம் பழக்கமில்லை. இவரைப் பற்றி விசாரித்தாள். பேச்சு வேலையாட்கள் பக்கம் திரும்பியது.

"எனக்கு அந்த விதியில மனசே இல்லைங்க" என்றாள். "எங்க வீட்டுல வேலை செஞ்சவளுக்குக் கால் வேற ஊனம். வேண்டாம்னு போடலாம்னு ரெண்டு நாள் வெச்சிருந்தேன். யாராவது ஒருத்தர் போட்டா நானும் போடலாம்னு. எங்க மாடியில இன்னும் ரெண்டு வீட்டுல அப்படித்தான் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் போடலை?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "உங்க பேரைப் பாத்தோம். உடம்புக்கு முடியாத மனுஷரை வெச்சுக்கிட்டு, அந்தப் பெண்ணை நம்பியே இருக்கற உங்களுக்கே அது சரின்னா, நாம யாரு பேசன்னு நெனச்சோம். மூணு வீடும் அன்னைக்கே போட்டுட்டோம்."

இவருடைய மாத்திரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 13, சனி

ஏரிக்கரைப் பக்கமுள்ள மூன்று குடியிருப்புகளிலும் இதே விதி வந்துவிட்டது. எங்களுடையதை அப்படியே வாங்கிப்போனார்களாம். சுபத்ரா பெருமையாகச் சொன்னாள். "நம்மளப் பாத்துதான்க்கா." இனிமேல் இந்தப் பக்கத்தில் இதை யாரும் விதி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். லிபிகாவுக்கு வேறு மாதிரி இருந்ததே தெரியாது. லிஃப்ட் எதிரே வந்து கதவு திறந்தாலும் அவள் படிப்பக்கம்தான் திரும்புகிறாள்.

இவர் மூன்று நாளாகக் கஞ்சி மட்டும்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாலை நாலு மணிக்குக் காவலாளி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"மேடம், கன்னியம்மான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. வேலைக்கு இல்லையாம். மதுராந்தகத்துல அவங்க அக்கா வீட்டோட போயிடறாங்களாம். போறதுக்கு முன்னாடி சாரை ஒரு தடவை பாத்துட்டுப் போறேங்கறாங்க. பழைய ஆளுங்கள விடக்கூடாது. ஆனா உங்க விருந்தாளின்னு நீங்க சொன்னா எழுதிக்கிட்டு விட்டுடலாம். லிஃப்ட்லயே அனுப்பலாம்."

கூடத்தில் சுபத்ராவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொலு விஷயமாகப் பேச வந்தவர்கள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். "யாருக்கா?" என்றாள் சுபத்ரா.

இவர் பால்கனி ஓரம், இன்டர்காமுக்குப் பக்கத்திலேயே, சக்கர நாற்காலியில் இருந்தார். மதியம்தான் லிபிகாவும் நானும் எப்படியோ உட்காரவைத்தோம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் தூங்குறார்னு சொல்லிடுங்க" என்றேன்.

காவலாளி சரி என்று வைத்துவிட்டார். யாரோ கூரியர்க்காரன் என்று சுபத்ராவிடம் சொன்னேன். அவர்கள் மறுபடி கொலுப் படியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இவருடைய தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. இடதுகையால் பால்கனிக் கம்பியைப் பிடித்து, உடம்பை முன்னால் இழுத்து, கீழே வாசல் பக்கம் எட்டிப் பார்க்க முயன்றார். நான் போய் அந்த விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். நல்ல பிடி. அவ்வளவு பலம் மிச்சமிருந்தது எனக்குத் தெரியாது.

முகத்தில் வெயில் அடிக்கிறது என்று சொல்லி நாற்காலியை உள்பக்கம் திருப்பி வைத்தேன்.